பெரிய மச்சானுக்கு, வாசல் கதவு விஷயமாக

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கையும் உடம்பளவில் சௌக்கியம். வீட்டுக்குத்தான் சௌக்கியமில்லை, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கள் தங்கையின் காதில் விழுந்துவிடுகிறது, ஏனென்றால் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு பேச இப்போது எங்கள் வீட்டில் கதவு கிடையாது. மிச்சமிருப்பது வாசல் கதவு ஒன்றுதான், அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக்கூட வீட்டில் வைத்து எழுதவில்லை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் போகலாம் போகலாம் என்று கையைக் காட்டிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் தெரு போய் முடிகிற இடத்தில் கழிமுகத் தண்ணீர், தண்ணீரை ஒட்டி ஒரு பழைய படகுக் கொட்டகை. நீங்கள் முன்பு வந்தபோது அதன் நிழலில்தான் காரை நிறுத்தினீர்கள். புறா எச்சம் போட்டுவிட்டது என்று என்னைத் திட்டினீர்கள். அந்தக் காலத்தில் படகுகளைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றி உள்ளே இழுத்து, அடிப்பலகையைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, மறுபடி தண்ணீரில் இறக்கிவிடுவார்களாம். பிறகு அந்தத் தொழில் வேறு பெரிய துறைமுகத்துக்குப் போய்விட்டது, கொட்டகை புறாக்களுக்கு வந்து சேர்ந்தது. நகரசபை இடித்துவிடலாம் என்று நினைத்தபோது, இடிக்க வேண்டாம், நாங்களே பழுது பார்த்து ஊருக்குப் பொது இடமாக ஆக்கிக்கொள்கிறோம், படிக்கிற பிள்ளைகளுக்கு மேஜை, பெரியவர்கள் உட்கார்ந்து பேச நாற்காலி, தையல் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மெஷின் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அத்தனை பேரும் தொண்டர்கள். சம்பளம் கிடையாது, ஆகவே யாரையும் வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. நான் ஓய்வு பெற்ற சமயம் அது. முன்னறையில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, இனிமேல் நானும் அவளும் நிம்மதியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கப் போகிறோம் என்று ஆசையாக இருந்தேன். “கொட்டகையில என்னமோ வேலை நடக்குதாம், ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டிப் பார்க்கப் போனவள் இன்றுவரை முழுசாகத் திரும்பி வரவில்லை.

மேற்படி கூட்டத்துக்குத் தலைவி ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை. கையில் எப்போதும் பள்ளிக்கூட மணி. இன்னொரு முக்கியஸ்தர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் எல்லாரும் அவரை நங்கூரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். இவர்களுக்கு இரண்டு சட்டம். ஒன்று, எல்லாரும் கை தூக்கினால்தான் எந்தக் காரியமும் நடக்கும். இரண்டு, புதுசாக எதுவும் கொட்டகைக்குள் வரக் கூடாது. ஒரு பலகை உளுத்துப் போனால் அதே வயசு, அதே மரம், அதே மாதிரிப் பலகைதான் அந்த இடத்துக்கு வர வேண்டும். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன கூத்து அடித்தார்கள் தெரியுமா மச்சான்? உள்சுவர் முழுக்க ஒரே கறுப்பு. ஆயிரம் வருஷத்து அழுக்கு என்று எல்லாரும் கை தூக்கி, வாரக்கணக்கில் உட்கார்ந்து சுரண்டினார்கள். பளபளவென்று சுவர் வந்தது, போட்டோ எல்லாம் எடுத்தார்கள். அடுத்து பெய்த முதல் மழையில் சுவரின் இந்தப் பக்கம் தண்ணீர் வழிந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அது அழுக்கு இல்லை, தண்ணீர் இறங்கக் கூடாது என்று கட்டினவன் வேலை மெனக்கெட்டுப் பூசி வைத்த தார். சரி, திரும்பப் பூச வேண்டியதுதானே என்றால், புதுத் தார் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நல்லவேளை, பழைய பொருள் என்பதால் எறிய மனசில்லாமல் சுரண்டின பொடியை எல்லாம் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். அதை உருக்கி, சுரண்டின கையாலேயே அதே சுவரில் பூசினார்கள். உருக்கியது எதில் என்று கேளுங்கள். நான் குளிக்க வெந்நீர் போடுகிற அண்டாவில். அன்று முதல் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன்.

அதுவாவது போகட்டும், அண்டாதானே என்று இருந்தேன். ஒரு நாள் உங்கள் தங்கை கொட்டகை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அதன் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். “இது நம்ம வீட்டுக் கொக்கி மாதிரியே இருக்கே” என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது. விசாரித்ததில், கொட்டகையைக் கட்டின அதே ஆசாரிகள் அதே மரத்தில் மேற்பார்வையாளர் குடியிருக்கக் கட்டின வீடுதான் நாங்கள் இருக்கிற வீடு என்று தெரிந்துவிட்டது. கொட்டகைக்கு என்ன கெட்டுப் போனாலும் அதன் ஜோடி எங்கள் வீட்டில் நல்லபடியாக இருக்கிறது. கமிட்டிக்குச் சொர்க்கம் தெரு முனையிலேயே கிடைத்த மாதிரி ஆயிற்று. அடுத்த வாரம் பின்னறை ஜன்னலில் கொக்கி இல்லை. நான் பதறிப் போய், திருடன் வந்திருக்கிறான், போலீசுக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டினேன். உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, “திருடன் எல்லாம் இல்ல, நான்தான் கழட்டினேன், சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடனைப் பிடிக்கக் கிளம்புகிறவனிடம் திருடனே வந்து உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? அதற்கப்புறம் சாமான் அலமாரியின் கீல்கள் போயின. அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் கதவைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, மிளகாய்த் தூளை எடுத்துக்கொண்டு, மறுபடி தூக்கி வைக்க வேண்டும். படுக்கையறைக் கதவும் பின்னறைக் கதவும் ஒரே நாளில் கைகோத்துக்கொண்டு போயின. ஒரு நாள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு மாடியிலிருந்து இறங்குகிறேன், வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டினால் கைப்பிடி இருந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து கீழே வந்து சேர்ந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டால், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை. கைப்பிடியைப் பொருத்துவதற்கு அவள் கொட்டகைக்குப் போயிருந்தாள்.

குளியலறை விஷயத்தை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுப் பெரியவர், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? குளியலறைக் கதவு கொட்டகையில் முதலுதவி மருந்து வைக்கிற அறைக்குச் சரியாக இருந்ததாம். அதற்குப் பதில் ஒரு திரை மாட்டியிருக்கிறாள். திரைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆகவே நான் உள்ளே இருக்கிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று பாடிக்கொண்டு குளிக்கிறேன். எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் தெரியாது, அதனால் இரண்டு பாட்டில் குளித்து முடிக்க வேண்டும். அன்றைக்கு மின்சார மீட்டர் பார்க்கிறவர் வந்தார். மீட்டர் இருப்பது குளியலறைக்குப் பக்கத்துச் சுவரில். நான் இரண்டாவது பாட்டில் இருந்தேன். அவர் திரைக்கு வெளியே நின்றுகொண்டு, “சார், கொஞ்சம் தண்ணிய நிறுத்துங்க, நம்பர் தெரியல, மேல தெறிக்குது” என்றார். நான் வாழ்நாளெல்லாம் ஒரு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கே தலைவனாக இருந்தவன். என் அறைக்குள் வர வேண்டுமென்றால் வெளியே சீட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்டவன் சோப்பும் கையுமாக ஒரு திரைக்குப் பின்னால் நின்று, “ஆச்சுங்களா, ஆச்சுங்களா” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் அவர் பாட்டு நன்றாக இருந்தது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று நேராகக் கொட்டகைக்கே போனேன். தண்ணீர்ப் பக்கத்துப் பெரிய கதவு திறந்திருந்தது, உள்ளே முப்பது பேர் இருப்பார்கள். ஒருத்தர் ஏணியில், ஒருத்தர் ஏணிக்கு அடியில், மற்றவர்கள் தரையில் குந்தி உட்கார்ந்து தண்டவாளத்துத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக் கைப்பிடி அங்கே எண்ணெய் தடவி மினுமினுத்துக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தபோது அது அப்படி மினுங்கினதே இல்லை. உங்கள் தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நங்கூரத்தை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். நங்கூரம் எழுந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை மணியை ஒரு தட்டுத் தட்டி, “புதுசா வந்திருக்கீங்க, உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேட்டார். “நிர்வாகம்” என்றேன். துருத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். புறாக்கூட இறக்கை அடிக்கவில்லை. தலைமையாசிரியை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, அந்த வாளியைப் பிடிங்க” என்றார். பிடித்தேன் மச்சான். ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. புகார் சொல்லப் போனவன் சாயங்காலம் வரைக்கும் துருத் தண்ணீர் சுமந்தேன். போதாக்குறைக்கு, செருப்பு நனையக் கூடாதே என்று தண்டவாளம் தண்ணீரில் இறங்குகிற சரிவில் ஓரமாகக் கழற்றி வைத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும், அங்கே எதையும் வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் செய்தார்கள். வாளியைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கும்போது என் செருப்பு இரண்டும் ஜோடி பிரியாமல் அக்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. வெறுங்காலோடு தெருவழியாக வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே வந்த உங்கள் தங்கை சிரித்தாளா என்று கேட்காதீர்கள். சிரித்தாள்.

இதெல்லாம் சில்லறை. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. நேற்றைக்கு முந்தின நாள் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், எங்கள் வாசல் கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. கொக்கியிலும் கீலிலும் கைப்பிடியிலும் முதல் நாள் அந்தக் குறி இருந்தது, மறுநாள் அந்தச் சாமான் இல்லை. தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், கையில் அளவு நாடா. “வந்த காரியம் என்ன?” என்று கேட்டேன். கொட்டகையின் தெருப் பக்கத்துச் சின்னக் கதவு உளுத்துப் போய்விட்டதாம். எல்லா வேலையும் முடிந்துவிட்டதாம், திறப்பு நாள் குறிப்பதற்கு அந்த ஒரு கதவுதான் பாக்கியாம். எங்கள் வாசல் கதவு உயரம், அகலம், கனம் எல்லாம் ஒரு நூல் பிசகாமல் பொருந்துகிறதாம். “எல்லாரும் கை தூக்கிட்டோம்” என்றார். “நான் தூக்கலியே” என்றேன். “உங்க வீட்டுல ஒருத்தர் தூக்கிட்டாங்க. குடும்பத்துக்கு ஒரு கைதான் கணக்கு” என்றார். என் சொந்தக் கை, என் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிற கை, கணக்கிலேயே இல்லை என்று என் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்கள் தங்கை வந்ததும் ஒரே போடாகப் போட்டேன். “கதவு இல்லாத வீட்டுல நான் குடியிருக்க மாட்டேன். உனக்கு அந்தக் கொட்டகை வேணுமா, நான் வேணுமா, ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லு” என்றேன். இதைச் சொல்லும்போது பதில் என்ன வரும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கண் கலங்குவாள், கொஞ்சம் மூக்கைச் சிந்துவாள், நானும் பெருந்தன்மையாக ஒரு ஜன்னல் கம்பியையாவது கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன். அவள் கையிலிருந்த தார்க் கறையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே, “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

யோசித்துச் சொல்கிறாளாம் மச்சான். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, மகளைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுத்து, எனக்கு எந்தப் பக்கம் படுத்தால் குறட்டை வரும் என்பது வரைக்கும் தெரிந்தவள், என்னையும் ஒரு கொட்டகையையும் தராசில் வைத்து யோசித்துச் சொல்கிறாளாம். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று கேட்டேன். அதற்கு அவள், “இந்தக் கதவைக் கடைசியா யார் தட்டினாங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்றாள். “மீட்டர் பார்க்கிறவர்” என்றேன். “அதுக்கு முந்தி?” அதற்கு முந்தியும் மீட்டர் பார்க்கிறவர்தான். “பொண்ணு வருஷத்துக்கு ஒரு தடவை வருது. பக்கத்து வீட்டம்மா முன்னெல்லாம் சாயங்காலம் வருவாங்க. நீங்க ரிட்டையர் ஆகி வீட்டோட இருக்க ஆரம்பிச்சதும், வர்றவங்களை எல்லாம் வந்த காரியம் என்னன்னு கேட்டா யார் வருவாங்க? அங்க இந்தக் கதவை மாட்டினா ஒரு நாளைக்கு நூறு பேர் திறப்பாங்க. கதவுன்னா திறக்கணும்ங்க. இது இங்க சும்மா சுவரா நிக்குது” என்றாள். வந்த காரியத்தைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது, நீங்களே சொல்லுங்கள். அலுவலகத்தில் அதைக் கேட்டதற்காக யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டது கிடையாது. நானும் விடவில்லை, “அப்ப நான் சும்மாதான் இருக்கேனா?” என்றேன். அவள் மண்ணெண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதுதான் மச்சான் என்னை இன்றுவரை குடைகிறது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஆகவே தங்கள் மேலான கவனத்துக்கு நான் பணிவோடு வைப்பது இதுதான். நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். அவள் யோசித்து முடிப்பதற்குள் வர வேண்டும். வந்ததும் காபி குடிக்கக்கூட உட்காராமல், உங்கள் அப்பாவைப் போல அந்த அடிக்குரலில், “என்ன நடக்குது இங்க?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் சின்ன வயதில் உங்கள் சைக்கிளைப் பிரித்துப் போட்டபோது நீங்கள் போட்ட அதட்டலை இன்றைக்கும் சொல்லி நடுங்குகிறாள். அந்த மாதிரி ஒன்று. எனக்குத் திறப்பு விழாவோடு ஒரு விரோதமும் கிடையாது, ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும். என் வீட்டைத் திறந்து போட்டுத்தான் அது நடக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நான் உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் மூத்த பையன் பரீட்சையில் தேறிவிட்டானா, எழுதவும். சின்னவளுக்கு என் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், பெரியவளானதும் எந்தக் கமிட்டியிலும் சேராமல் இருக்கட்டும். உங்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வரவும், உங்களிடமாவது அண்டா இருக்கிறது. எல்லா நலமும் உங்கள் வீட்டில் தங்கட்டும், சொல்லாமல் கொள்ளாமல் எதுவும் வெளியே போகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை வழிமேல் விழி வைத்து எதிர்பார்க்கும்,
தங்கை வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: இதை எழுதி முடித்துத் தபாலில் போடப் போனால் தபால்தலை இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “யோசிச்சிட்டேன். கதவு இங்கயே இருக்கட்டும். நாளையிலேர்ந்து நானும் இங்கயே இருக்கேன்” என்றாள். ஒரு ஈரத் துணியால் சாக்பீஸ் குறியைத் துடைத்தும்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். மறுநாள் காலையில் நான் போட்டு வைத்திருந்த எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான் பேப்பர் படித்தேன், அவள் வாங்கிப் படித்தாள். அலுவலகத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன், “ம்” என்றாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெருவில் யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, சாத்தியிருந்த கதவைப் பார்த்தோம். சத்தம் தாண்டிப் போய்விட்டது. கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை மச்சான். மனுக் கொடுக்க வந்துவிட்டு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர்கள் மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளாக அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. இனிமேல் தினமும் இப்படித்தான் என்று நினைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசல் கதவிடம் போனேன். “என்ன பண்றீங்க?” என்றாள். “கீல் சத்தம் போடுது” என்றேன். “சத்தமே போடலையே” என்றாள். “போடும்” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “இடப்பக்கம் திருப்புங்க, இன்னும் இறுக்கிட்டிருக்கீங்க” என்றாள். அப்புறம் இரண்டு பேருமாகக் கழற்றினோம். என்ன கனம் என்கிறீர்கள் அந்தக் கதவு. ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினோம். அவள் முன்னால் போனாள், என்னைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துதான் போக முடிந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, நான்தான் வழி சொல்ல வேண்டும். “கல் இருக்கு, வலப்பக்கம் வா, குழி, மெதுவா” என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நடந்தாள். தெரு முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். வேறு பக்கம் பார்க்க வழியில்லை. பாதித் தெருவில்தான் கவனித்தேன், மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறாள். “இது எப்ப மாத்தினே?” என்று கேட்டேன். “போன வருஷம்” என்றாள். “பேசாம எனக்குப் பின்னாடி பார்த்துச் சொல்லுங்க, சைக்கிள் மணி கேக்குது.” கண்ணாடி அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் சொன்னேன். அவள் சிரித்ததில் கதவு ஒரு பக்கம் சாய்ந்து என் காலில் விழப் பார்த்தது.

கதவு ஒரு நூல் பிசகாமல் பொருந்திவிட்டது. ஆகவே நீங்கள் கண்டிக்க வர வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் இத்தனை பக்கம் எழுதின உழைப்பு வீணாகிவிடுமே என்று அப்படியே அனுப்புகிறேன், தள்ளுபடி செய்துவிடவும். எங்கள் வாசலில் இப்போது ஒரு போர்வை தொங்குகிறது. பக்கத்து வீட்டம்மா நேற்று அதை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினார், காபி குடித்துவிட்டுப் போனார். வந்த காரியத்தை நான் கேட்கவில்லை. திருடன் பயம் கிடையாது, கமிட்டி முந்திக்கொண்டுவிட்டது.

நீங்கள் வருவதாக இருந்தால் தாராளமாக வாருங்கள், திறப்பு நாளுக்கே வாருங்கள். வருவதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி. கொட்டகையில் சாமான் அறைக் கதவும் உளுத்துப் போயிருப்பது நேற்றுதான் தெரிந்தது, அதற்கும் ஒரு கதவு தேவைப்படுகிறது. உங்கள் வீடும் ஏறக்குறைய அதே காலத்து வீடு என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒற்றைக் கதவின் உயரம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எழுதவும். நேற்றுக் கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கியாகிவிட்டது. உங்கள் குடும்பத்தின் சார்பில் நான் தூக்கினேன். அக்காவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.